அலுமினியக் கையா, இரும்புக் கையா? – ஒரு குமாஸ்தாவின் ஆட்சேபணை

வழக்கமாகப் பழைய புதுச்சேரிக் கதைகளை எழுதுகிறவன், இன்று வண்டியின் அடிவயிற்றைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "இந்தக் கிழவனுக்கு இது எதற்கு?" என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரம்மாவும் அதையேதான் கேட்டாள். காரணம் இருக்கிறது. கடைசி வரை படித்தால் தெரியும்.

போன பனிக்காலத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், க்ளீவ்லண்ட் பக்கம். அந்த ஊர் ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கமே இருக்கிறது. பனி விழுந்தால் அந்த உப்பை எடுத்துச் சாலையெல்லாம் கொட்டுகிறார்கள். மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கே, தார்ச்சாலை வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதைப் பார்க்கத் திகைப்பாக இருந்தது. அந்த உப்புத் தண்ணீரில்தான் எல்லா வண்டிகளும் நாலு மாதம் ஓடுகின்றன.

மாப்பிள்ளை பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தார். அங்கே டிரக் என்றால் நம் ஊர் லாரி இல்லை. முன்னால் கார், பின்னால் திறந்த பெட்டி என்றிருக்கும் அந்த வண்டிதான் டிரக். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வருகிறதென்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். அவர்கள் வண்டியை உயரத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு இது: "உங்கள் வண்டியில் இருப்பது அலுமினியக் கை. அது என்றைக்கு இருந்தாலும் உடையும். நாலையும் கழற்றிவிட்டு இரும்புக் கை போட்டுவிடுங்கள்." இரண்டாயிரம் டாலருக்கு மேல் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: முன்சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் உறுப்பு. மேலே ஒன்று, கீழே ஒன்று. அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் என்று நம் மெக்கானிக்குகள் சொல்வார்கள். சட்டத்தின் பக்கம் ரப்பர் புஷ், சக்கரத்தின் பக்கம் பால் ஜாயின்ட். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அந்த மொழியில் இந்தக் கைக்கு 'திரியாங்கிள்', அதாவது முக்கோணம் என்று பெயர். பால் ஜாயின்டுக்கு 'ரொத்துல்'. முழங்காலில் இருக்கும் சிரட்டைக்கும் அதே சொல்தான். என்னைக் கேட்டால் இங்கிலீஷ் பெயரைவிட இதுவே பொருத்தம். சிரட்டை தேய்ந்தவன் எப்படி நடப்பான் என்று எழுபது தாண்டிய எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

நம் ஊர் லாரியில் இந்தக் கை கிடையாது. அச்சும் ஸ்பிரிங் பட்டையும்தான். அதனால் இந்தச் சண்டையும் நமக்குப் புதிது. அங்கே அது மதச் சண்டை மாதிரி நடக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒருவர், "அலுமினியம் இட்லிப் பானைக்கு லாயக்கு, வண்டிக்கு இரும்புதான்" என்றார். இன்னொருவர், "விலை கூடின ஜெர்மன் காரெல்லாம் அலுமினியம்தான், இரும்பு பழங்காலத்துச் சமாச்சாரம்" என்றார். ரசம் வருவதற்குள் குரல் உயர்ந்துவிட்டது. மாப்பிள்ளை என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்றார்.

இரண்டு கட்சியும் தப்பு என்று சொன்னேன். அங்கே ரசத்துக்கு நடுவில் முழுதாகச் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் 'இரும்பு இரும்புதான்' கட்சி.

பள்ளியில் எங்களுக்கு துய்மோன் துர்வில் என்ற பெயரை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். உலகம் சுற்றிய மாலுமி, அண்டார்டிகா வரை போய் வந்தவர். அத்தனை பெருங்கடலிலும் பிழைத்தவர் 1842 மே 8 அன்று வெர்சாய் ஊரிலிருந்து பாரீசுக்குத் திரும்பும் ரயிலில் மனைவியோடும் மகனோடும் செத்துப்போனார். எஞ்சினின் அச்சு முறிந்தது. பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகளை வெளியே பூட்டி வைப்பது அன்றைய வழக்கம். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முறிந்தது அலுமினியம் இல்லை ஐயா, இரும்பு. அந்தக் காலத்தில் அலுமினியத்தில் ஒரு ஸ்பூன்கூடக் கிடையாது. பாரம் தாங்காமல் முறியவில்லை. தாங்கித் தாங்கி, லட்சக்கணக்கான தடவை வளைந்து வளைந்து, உள்ளே மயிரிழை விரிசல் ஓடி முறிந்தது. உலோகமும் களைக்கும் என்பதைப் பொறியாளர்கள் தீவிரமாக ஆராய வைத்தது இந்த விபத்து. பிறகு ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை வருஷக்கணக்கில் சுழற்றிப் பார்த்து அந்தக் களைப்பை அளந்தார்.

அவர் கண்டது எஃகுக்குச் சாதகமான செய்திதான், மறைக்க மாட்டேன். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குக் கீழே எத்தனை கோடி முறை அசைத்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியக் கலவைக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. சிறு சுமையானாலும் போதுமான முறை அசைத்தால் ஒரு நாள் விரிசல் விடும். இரும்புக் கட்சி இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஆடுகிறது. அடுத்த வரியை அவர்கள் படிப்பதில்லை. உப்பிலே ஊறித் துருப்பிடித்த எஃகுக்கு அந்த எல்லையும் போய்விடுகிறது. தகட்டை அழுத்தி இரண்டு பாதியாக மடித்து ஒட்டிச் செய்யும் கை, உள்ளே கூடு. அதற்குள் உப்புத் தண்ணீர் தேங்கும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளக்கும். உள்ளே பிஸ்கட் மாதிரி உதிரும். க்ளீவ்லண்டில் பத்துப் பனிக்காலம் கண்ட வண்டியின் அடியில் படுத்து ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்துவிட்டு, இரும்பு இரும்புதான் என்று சொல்லட்டும்.

அலுமினியக் கட்சியாரே, சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் இருக்கிறது.

அலுமினியத்தின் எடை எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. தண்ணீரோடு ஒப்பிட்டால் ஒன்று 2.7 மடங்கு, மற்றது 7.85 மடங்கு. நல்லதுதான். ஆனால் அதன் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே எஃகு செய்யும் வேலையைச் செய்ய அது தடிக்க வேண்டும், அகலிக்க வேண்டும். வாகான வடிவம் கொடுத்தால் எடை மிச்சம். இல்லாவிட்டால் விலை மட்டும் மிச்சமில்லாமல் போகும். சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் எடை குறைந்தால் பள்ளத்தில் சக்கரம் சாலையை விட்டுத் துள்ளாது, இது உண்மை. ஆனால் இப்படிச் சில கிலோ மிச்சம் பிடித்த வண்டியில் இவர்கள் செய்வதென்ன? வண்டியை நாலு அங்குலம் உயர்த்தி, தேர்ச்சக்கரம் மாதிரி 35 அங்குல டயர் மாட்டுகிறார்கள். கையில் மிச்சமான எடை டயரில் ஒன்றுக்குப் பலவாகத் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும், "என் வண்டி அலுமினியக் கை" என்று பெருமை.

இன்னொன்று. எஃகுக் கை ஒரு பெரிய குழியில் விழுந்தால் பெரும்பாலும் முதலில் வளையும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேயும். ஓட்டுகிறவனுக்குத் தெரிந்துவிடும். வார்ப்பு அலுமினியம் அவ்வளவு பேசாது. வளைவது கொஞ்சம், விரிசல் விடுவது அதிகம். அதை நெருப்பில் காட்டி நிமிர்த்தவும் கூடாது, வெல்டிங் வைக்கவும் கூடாது. சூட்டில் பதப்படுத்தி ஏற்றிய பலம் இன்னொரு சூட்டில் இறங்கிவிடும். எஃகு புஷ்ஷும் எஃகு பால் ஜாயின்டும் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புத் தண்ணீர் சேர்ந்தால், பாட்டரிக்குள் நடப்பது அங்கேயும் நடக்கும். வெள்ளைப் பொடி பூத்து, கழற்ற முடியாமல் இறுகிக்கொள்ளும். அலுமினியமும் களைக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது காமெட் விமானம். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலுமாக இரண்டு விமானங்கள் நடுவானில் பிளந்தன. அதற்காக மனிதன் அலுமினியத்தைக் கைவிட்டானா? இல்லை. எத்தனை ஏற்ற இறக்கத்துக்கு ஒரு தடவை எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்தான். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு வரி. இன்றும் ஆகாயத்தில் போகும் பெரும்பாலான இறக்கைகள் அலுமினியக் கலவைதான்.

எழுதி வைத்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் வர வேண்டிய இடம் அதுதான்.

உலோகத்தின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்வது அங்கே ஒரு கலை. ஃபோர்டு கம்பெனி 2015 ஆம் வருஷ மாடலில் எஃப்-150 வண்டியின் உடம்பை அலுமினியக் கலவைக்கு மாற்றியது. உடனே போட்டிக் கம்பெனியான செவர்லே 2016 இல் ஒரு விளம்பரம் எடுத்தது. 825 பவுண்டு எடையுள்ள கற்களை ஐந்தடி உயரத்திலிருந்து இரண்டு வண்டிகளின் பெட்டியிலும் கொட்டினார்கள். அலுமினியப் பெட்டி ஓட்டையானது, எஃகுப் பெட்டி நசுங்கியதோடு நின்றது. ஊரே கைதட்டியது. வேடிக்கை என்னவென்றால், எஃகின் புகழ் பாடிய அதே சில்வராடோ வண்டிகளில் அந்த வருஷங்களில் பலவற்றின் முன்சக்கரத்தைப் பிடித்திருந்தது அலுமினியக் கை. அதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. 2019 மாடல் வந்தபோது கதவு, பானட், பின்கதவு எல்லாம் அலுமினியம் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். 

நான் அந்தக் கம்பெனியைக் குறை சொல்ல வரவில்லை. எந்த உலோகம் எங்கே பொருந்தும் என்று அவர்களின் பொறியாளர்களுக்கு நன்றாகவே தெரியும். பெட்டிக்கு எஃகு, பானட்டுக்கு அலுமினியம், கைக்கு இதுவோ அதுவோ என்று கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள். தெரியாதவன் வாங்குகிறவன் ஒருவன்தான். அவனிடம்தான் உலோகத்தை ஜாதி மாதிரி விற்கிறார்கள்.

இப்போது என் ஆட்சேபணைக்கு வருகிறேன். 2014 முதல் 2018 வரை வந்த சில்வராடோ 1500, சியேரா 1500 வண்டிகளில் மூன்று விதக் கைகள் உண்டு: வார்ப்பு எஃகு, அழுத்திய எஃகுத் தகடு, அலுமினியம். ஒரே பெயர், ஒரே தோற்றம், பக்கத்துப் பக்கத்து வருஷம். அடியில் மட்டும் வேறு. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனால் வார்ப்பு எஃகுக்கான உதிரி மற்ற இரண்டுக்கும் பொருந்தாது. பால் ஜாயின்ட் போய் உட்காரும் துளையின் அளவே மாறுகிறது. உயர்த்தும் கிட் விற்கிற கடைகள் "உங்களுக்கு எந்தக் கை?" என்று கேட்டுத்தான் ஆர்டர் எடுக்கின்றன. எந்தக் கை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு அவர்கள் சொல்லும் வழி: ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒட்டினால் சுத்தியலால் தட்டுங்கள். கணீர் என்றால் தகடு, மொத்தென்றால் வார்ப்பு.

நாற்பதாயிரம் டாலர் கொடுத்து வாங்கின வண்டிக்கு இந்தச் சோதனை! சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரி.

அந்த நாட்டில் காகிதம் இல்லை என்று சொல்ல முடியாது. காகிதம் என்றால் அவர்களுக்கு உயிர். 1958 இல் மன்ரோனி என்ற செனட்டர் கொண்டுவந்த சட்டப்படி ஒவ்வொரு புதுக் கார் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்ட வேண்டும். அடிப்படை விலை, கூடுதல் சாமான்களின் விலை, ஏற்றி வந்த கூலி எல்லாம் அதில் இருக்கும். 1992 இல் வந்த இன்னொரு சட்டப்படி எஞ்சின் எந்த நாட்டுச் சரக்கு, கியர் பெட்டி எந்த நாட்டுச் சரக்கு, மொத்தத்தில் அமெரிக்க, கனடா பாகங்கள் எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். கதவுத் தூணில் இன்னொரு ஸ்டிக்கர்: முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும், டயருக்கு எவ்வளவு காற்று. இத்தனையும் எழுதத் தெரிந்தவர்களுக்கு, "முன் கை: அலுமினியம்" என்று இரண்டு சொல் சேர்க்க இடமில்லையா? எஞ்சின் எந்த நாட்டில் பிறந்தது என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? ஜாதகமா பார்க்கப் போகிறேன்? சக்கரத்தைப் பிடித்திருப்பது எது என்றல்லவா தெரிய வேண்டும்.

"வண்டி நம்பரைக் கொடுத்தால் டீலர் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வாரே மாமா" என்றார் மாப்பிள்ளை. அதைத்தான் நானும் சொல்கிறேன். விவரம் இருக்கிறது. கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. வாங்கினவன் கையில் இருக்கிற தாளில் இல்லை. பத்து வருஷத்தில் மூன்று கை மாறி, யாரோ எதையோ கழற்றி எதையோ மாட்டிய பழைய வண்டி என்றால் அந்தப் பதிவேடும் பொய்யாகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் ஒர்க்‌ஷாப்காரர் நின்றுகொண்டு, அலுமினியம் உடையும், இரும்பு நிற்கும் என்று பயம் காட்டிச் சீட்டு எழுதுகிறார். உலோகச் சண்டை யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். உதிரி விற்கிறவனுக்கு.

இதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், நானே ஒரு தடவை அந்த இடைவெளியை உண்டாக்கியவன்.

31 வருஷம் அரசாங்கக் குமாஸ்தா வேலை. அதில் ஒரு பகுதி வண்டிகள் செக்‌ஷனில். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். லாக் புத்தகம், டீசல் கணக்கு, உதிரிப் பாகங்களின் ஸ்டாக் ரிஜிஸ்தர் எல்லாம் என் மேசையில். எண்பதுகளின் கடைசியில், எங்கள் அம்பாசிடர் ஒன்று குழியில் விழுந்து முன்பக்க லோயர் ஆர்ம் வளைந்தது. ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினோம். பில் வந்தது: 'லோயர் ஆர்ம், புதியது, 1'. பில்லைப் பார்த்து நான் ரிஜிஸ்தரில் எழுதினேன்: 'புதிய லோயர் ஆர்ம் பொருத்தப்பட்டது'. அழகான கையெழுத்து. பழைய ஆர்மைத் திருப்பி வாங்கி ஸ்டோரில் வைக்க வேண்டும் என்பது விதி. நான் கேட்கவில்லை. அன்றைக்கு மாதக் கடைசி, வேலை அதிகம். காரணம் அவ்வளவுதான்.

நாலைந்து மாதம் கழித்துத் திண்டிவனம் ரோட்டில் அந்த வண்டியின் முன்சக்கரம் மடங்கிப் புளியமரத்தில் மோதியது. டிரைவர் அண்ணனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. பின்னால் ஆள் இல்லாதது தெய்வச் செயல். விசாரணை நடந்தது. ரிஜிஸ்தரைக் கொண்டு வரச் சொன்னார்கள். கொண்டுபோய் வைத்தேன். 'புதிய ஆர்ம்' என்று இருக்கிறது, புது ஆர்ம் நாலு மாதத்தில் உடையாது, ஆகவே வண்டியில் பழுதில்லை, ஆகவே டிரைவரின் கவனக்குறைவு. மூன்று ஆகவேயில் கோப்பு முடிந்தது. இரண்டு வருஷ இன்கிரிமென்ட் வெட்டு.

பிறகொரு நாள் அந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த பையன் முத்தியால்பேட்டையில் டீக்கடையில் வைத்துச் சொன்னான். புதிது எதுவும் வாங்கவில்லையாம். பழைய ஆர்மையே கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நிமிர்த்தி, கறுப்புப் பெயின்ட் அடித்து மாட்டினார்களாம். நல்ல எஃகு. செய்தவன் ஒழுங்காகத்தான் செய்திருந்தான். நான் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். 'கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது' என்று பச்சை மையில் எழுதித் திரும்பி வந்தது. அண்ணன் ஓய்வு பெறும் வரை என்னோடு மரியாதையாகத்தான் பேசினார். என் எழுத்தால் போன பணத்தைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதனால்தான், அலுமினியமா இரும்பா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிகிறது. எஃகு அன்றைக்கு எங்களைக் கைவிடவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஃப்ரிட்ஜ் கதவில் பேரன் ஒட்டியிருந்த காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பள்ளியில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் கொடுத்தே பாடம் நடத்துவார்கள். ஆணி, செப்புக்காசு, அலுமினியத் தட்டு எல்லாவற்றையும் மேசைமேல் போட்டு, காந்தத்தை எங்கள் கையில் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார் முசே. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பாடம் இப்படிப் பயன்படும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார். மாப்பிள்ளை காரேஜில் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, பத்திரமாக ஸ்டாண்டும் கொடுத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடித்தேன். குனிய என் ரொத்துல் ஒத்துழைக்கவில்லை, படுத்தது அவர்தான்.

காந்தம் ஒட்டவில்லை. அலுமினியம்தான், அதில் ஒர்க்‌ஷாப்காரர் பொய் சொல்லவில்லை. ஒரு துணியால் உப்பைத் துடைத்துவிட்டு நாலு கையையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தோம். விரிசல் இல்லை, வளைவு இல்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். இடது பக்கம் ஆடியது. கீழ் பால் ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் போய், உள்ளே உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. சத்தம் அங்கிருந்துதான். கையை நோய் என்று சொன்னவர் சிரட்டையைப் பார்க்கவே இல்லை. இது சின்ன விஷயம் இல்லை. அந்த மூட்டு கழன்றால் சக்கரம் வெளிப்பக்கம் சரிந்து வண்டி மண்ணில் உட்கார்ந்துவிடும். கை அலுமினியமா, இரும்பா, தங்கமா என்பதற்கு அப்போது ஒரு அர்த்தமும் இல்லை. அந்த வண்டியில்தான் தினம் பேரனைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறாள் என் மகள்.

வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தோம். மாப்பிள்ளை போனிலேயே, "அலுமினியக் கை, காந்தம் வைத்துப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லிச் சரியான பால் ஜாயின்டை வரவழைக்கச் சொன்னார். வலது பக்கமும் சேர்த்தே மாற்றினார்கள். முதலில் எழுதிக் கொடுத்த சீட்டில் கால்வாசி ஆகவில்லை. கழற்றிய பழையவை இரண்டையும் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டு வாங்கச் சொன்னேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். கேட்டதும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்களாம்.

பேரனிடம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் வண்டி நம்பர், வாங்கிய தேதி. அடுத்த பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன்: முன் இடது மேல் கை, அலுமினியம், காந்தம் ஒட்டவில்லை. முன் இடது கீழ் கை, அலுமினியம், ஒட்டவில்லை. வலதும் அப்படியே. பால் ஜாயின்ட் கீழ் இரண்டும் புதியவை, பழையவை திரும்பப் பெறப்பட்டன, காரேஜ் அலமாரி இரண்டாம் தட்டு. தேதி போட்டு, பழக்கம் விடவில்லை, கீழே இனிஷியலும் போட்டேன். தமிழில் எழுதியதைப் பார்த்து மகள், "இங்கே யாருப்பா இதைப் படிப்பாங்க?" என்றாள். பக்கத்திலேயே இங்கிலீஷில் அவளை எழுத வைத்தேன். நோட்டு அந்த வண்டியின் டேஷ் போர்டில் இருக்கிறது. போன வாரம் வீடியோவில் பேசும்போது, டயர் மாற்றிய தேதியை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று மாப்பிள்ளை கேட்டார். மூன்றாம் பக்கத்தில் என்று சொல்லியிருக்கிறேன்.